நாலு குச்சி, மூணு எண்ணிக்கை: வைப்ரஃபோன்ல ஜாஸ் வால்ட்ஸ்

இன்னைக்கு எபிசோடு, தூத்துக்குடி பக்கம் சர்ச் கொயர்ல கீபோர்டு வாசிச்சுக்கிட்டு, ராத்திரி ஹெட்ஃபோன்ல ஜாஸ் கேக்குற ஆட்களுக்காக. வைப்ரஃபோன் கைக்குக் கிடைக்கல, கூட வாசிக்க ஜாஸ் குரூப்பும் இல்ல. அப்போ கத்துக்க முடியுமா? முடியும். எப்படின்னு படிப்படியா பார்க்கலாம்.

முதல்ல கருவி. அலுமினியப் பட்டைகள், பியானோ கட்டை வரிசையில அடுக்கியிருக்கும். வழக்கமான வைப்ரஃபோன்ல மூணு ஆக்டேவ், 37 பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்குக் கீழேயும் ஒரு குழாய். குழாய் வாயில சுத்துற தகட்டை மோட்டார் ஓட்டும், அதனாலதான் அந்த அலையலையான சத்தம். காலால பெடலை அழுத்தினா சத்தம் நீளும், விட்டா நின்னுடும். 60-கள் தமிழ் சினிமாப் பாட்டுகள்ல இந்தச் சத்தத்தை நாம நிறைய கேட்டிருக்கோம், பேர்தான் தெரியாது.

கீபோர்டுல இது இருக்கா? இருக்கு. ஜெனரல் மிடி பட்டியல்ல 12-வது சத்தமே வைப்ரஃபோன்தான். ஒரு சஸ்டெயின் பெடல் சேர்த்துக்கோங்க. ஒரு கைக்கு ரெண்டு விரல் மட்டும். ஏன்னா நிஜக் கருவியில ஒரு கைக்கு ரெண்டு குச்சி, மொத்தம் நாலு. இடமிருந்து வலமா 1, 2, 3, 4-னு எண்ணிக்குவோம்.

இப்போ தாளம். மூணு எண்ணிக்கை நமக்குப் புதுசு இல்ல. ரூபக தாளம் இருக்கு, சர்ச்சுல மூணு எண்ணிக்கைப் பாட்டு எவ்வளவோ இருக்கு. ஆனா அங்க பழகினது 'ஊம்-சக்-சக்': ஒண்ணுல பேஸ், ரெண்டுலயும் மூணுலயும் கார்டு. ஜாஸ் வால்ட்ஸ்ல அதையே விடாம அடிச்சா பாட்டு ராட்டினம் மாதிரி அங்கேயே சுத்தும், முன்னாடி நகராது.

வழி கொன்னக்கோல்ல இருக்கு. ஒரு வட்டத்துல ஆறு சின்னத் துண்டு. அதை 'தக தக தக'ன்னு சொன்னா மூணு அடி. அதே ஆறை 'தகிட தகிட'ன்னு சொன்னா ரெண்டு அடி. கால் 'தக தக தக'வைத் தட்டட்டும், கை 'தகிட' ஆரம்பிக்கிற ரெண்டு இடத்துல மட்டும் கார்டு போடட்டும். மூணு மேல ரெண்டு மிதக்குது பாருங்க, அந்த மிதப்புதான் ஜாஸ் வால்ட்ஸ். பழகினதும் ரெண்டுல ஒண்ணை அப்பப்போ விட்டுடுங்க.

அடுத்தது கார்டு. டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். ஜாஸ்ல அதிகமா வர்ற வரிசைகள்ல இது ஒண்ணு. மூணுமே நாலு ஸ்வரக் கார்டு. நாலு குச்சியும் இதுக்கே போயிட்டா மெலடியை யார் வாசிக்கிறது? அதனால ஒவ்வொண்ணுலயும் மூணாவதையும் ஏழாவதையும் மட்டும் வெச்சுக்கணும். மைனரா மேஜரான்னு சொல்றது மூணாவது. அடுத்து எங்க போகணும்னு இழுக்கிறது ஏழாவது.

'சி'யை ச-ன்னு வெச்சு ஸ்வரத்துல சொல்றேன். முதல் கார்டு: ச–ம. ரெண்டாவது: கீழ் நி–ம. மூணாவது: கீழ் நி–க. கவனிச்சீங்களா? ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு குச்சி அரை ஸ்வரம் இறங்குது. ச, நி ஆகுது. அப்புறம் ம, க ஆகுது. முழு ஃபைலையும் திருப்பி எழுதாம ஒரு வரியை மட்டும் மாத்துற மாதிரி.

ம-வை அடியில வெச்சா ஆகாதா? மூணு ஆக்டேவ் வைப்ரஃபோன்ல கடைசிப் பட்டை எஃப், அதாவது அந்த ம-வேதான். அதுக்குக் கீழ க கிடையாது. எந்த வடிவத்துல கார்டு பிடிக்கணும்னு கருவியே சொல்லிடுது.

இன்னொரு நுணுக்கம். பெடல் அழுத்தியிருக்கும்போது ச-வும் நி-யும் சேர்ந்து ஒலிச்சா உரசும். பெடலை விட்டா ம-வும் செத்துடும். அதனால நி-யை அடிக்கிற அதே நேரத்துல, இன்னொரு குச்சியோட தலையால ச பட்டையை மெதுவா அமுக்கணும். ம மட்டும் தொடர்ந்து ஒலிக்கும். கீபோர்டுல இது நடக்காது. அங்க பெடலைக் கார்டுக்குக் கார்டு மாத்துங்க.

இப்போ முக்கியமான சிக்கல். மூணாவது, ஏழாவது மட்டும் வாசிச்சா, ரூட்டை பேஸ் கிட்டார் பிடிச்சிருக்கணும். நம்ம கடல்ல முத்துக்குளிச்ச காலத்துல, மூழ்கினவருக்கு மேல வள்ளத்துல ஒருத்தர் கயிறு பிடிச்சிருப்பார். அந்த ஆள்தான் பேஸ். அவர் இல்லேன்னா நீங்க எங்க இருக்கீங்கன்னு கேக்குறவங்களுக்குத் தெரியாது.

தனியா வாசிக்கிறவங்க இப்படிப் பண்ணலாம்: 1-வது குச்சி ரூட்டை முதல் 'தகிட'ல அடிச்சு, பெடலால நீட்டணும். 2-வதும் 3-வதும் ரெண்டாவது 'தகிட'ல. ரி, அப்புறம் ம–மேல் ச. கீழ் ப, அப்புறம் ம–நி. ச, அப்புறம் க–நி. 4-வது குச்சி மெலடிக்கு. நாலும் வேலை செய்யுது, ஆனா எதுவும் முட்டிக்கல.

இது சமாளிப்பு இல்ல, தனி வழி. கேரி பர்ட்டன் 1971-ல மான்ட்ரூ விழாவுல தனி ஆளா வைப்ரஃபோன் வாசிச்சது 'அலோன் அட் லாஸ்ட்' ஆல்பத்துல இருக்கு. பேஸ் இல்லாமலே பாட்டு நிக்கிறதைக் கேளுங்க. குரூப்போட வால்ட்ஸ் கேக்கணும்னா பாபி ஹட்சர்சனோட 'லிட்டில் பீஸ் போயம்'. 1965-ல பதிவான 'காம்போனன்ட்ஸ்' ஆல்பம்.

இந்த வாரத்துக்கு வேலை ஒண்ணுதான். மூணு கார்டு, மெதுவான மெட்ரோனோம், வாயில 'தகிட தகிட'. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், கொயர்ல பேஸ் வாசிக்கிறவரைப் பத்து நிமிஷம் நிறுத்தி வையுங்க. ரூட்டை அவர்கிட்ட குடுத்துட்டு நீங்க ரெண்டு ஸ்வரம் மட்டும் வாசிங்க. குரூப் இல்லைன்னு சொன்னீங்களே, இப்போ ரெண்டு பேர் ஆயாச்சு. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.