தோற்றாலும் மெடல் வாங்கலாம்: மல்யுத்தத்தின் 'ரெப்பசாஜ்' விதி என்ன?

2016 ஆகஸ்ட் 17. ரியோ ஒலிம்பிக், பெண்கள் 58 கிலோ ஃப்ரீஸ்டைல். காலிறுதியில் ரஷ்யாவின் வலேரியா கோப்லோவாவிடம் சாக்‌ஷி மாலிக் தோற்றார். அத்தோடு கதை முடிஞ்சுதா? இல்லை.

மல்யுத்தத்தில் ஃபைனலுக்குப் போகிறவரிடம் தோற்றவர்களுக்கு, வெண்கலத்துக்கு மோத இன்னொரு சான்ஸ் உண்டு. அதுதான் 'ரெப்பசாஜ்'. அந்தச் சான்ஸ் கிடைக்க, உங்களைத் தோற்கடித்தவர் ஜெயிக்கணும்!

கோப்லோவா ஃபைனலுக்குப் போனார். சாக்‌ஷிக்கும் வழி திறந்தது. கோப்லோவாவிடம் தோற்றிருந்த இன்னொருவரான மங்கோலியாவின் ஓர்கோன் புரேவ்டோர்ஜை 12-3 என வீழ்த்தினார். வெண்கலப் போட்டியில் கிர்கிஸ்தானின் ஐசுலு டைனிபெகோவாவிடம் 0-5 எனப் பின்தங்கியவர், 8-5 என ஜெயித்தார். மல்யுத்தத்தில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

ஓர்கோன் என்ன ஆனார்? அடுத்த ஆண்டே, 63 கிலோவில் உலக சாம்பியன்!