போர்டைக் கேட்டு வாங்குங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதுவரை முணுமுணுக்காமல் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அன்றைக்கு வயதாகிவிட்டது. குறிப்பாக 2018, 2019 வாக்கில் சென்னை ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கடையிலோ சொல்லி அசெம்பிள் செய்து வாங்கிய சிஸ்டங்கள். அவற்றில் ஒரு ரகத்தை அடிக்கடி பார்க்கலாம்: ரைசன் 3 2200ஜி பிராசசர், ஏ320 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 1 டிபி ஹார்டு டிஸ்க், கேபினட்டோடு வந்த எஸ்.எம்.பி.எஸ். கிராபிக்ஸ் பிராசசருக்குள்ளேயே இருந்ததால் தனி கார்டுக்குச் செலவில்லை. அந்தக் காலத்து பட்ஜெட்டுக்கு அது கெட்டிக்காரத்தனமான தேர்வு. ஆனால் விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர் பட்டியலில் 2200ஜி இல்லை.

கடையில் போய் நின்றால், “எல்லாத்தையும் தூக்கிட்டு புதுசா போட்டுடலாம் சார்” என்பார்கள். ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட் வகைக்குப் போவதென்றால் போர்டு, பிராசசர், ரேம் மூன்றும் மாற வேண்டும். அந்த போர்டுகள் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். ரேம் விலையோ 2025 கடைசியில் எகிறிவிட்டது. மெமரி நிறுவனங்கள் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்குச் சரக்கு அனுப்புவதில் மும்முரமாகிவிட்டன. குரூஷியல் என்ற பெயரில் வீட்டுப் பயனர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்தக் கடையையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கையில் இருக்கும் டிடிஆர்4 ஸ்டிக்கைக் கழற்றி வீச இது நேரமில்லை.

வீச வேண்டியதும் இல்லை. காரணம், அந்த ஏ320 போர்டின் நடுவிலுள்ள ஏஎம்4 சாக்கெட். 2016-இல் வந்த இந்த 1331 பின் சாக்கெட்டை ஏஎம்டி பல தலைமுறைகளுக்கு மாற்றாமல் வைத்திருந்தது. 2017-இல் வந்த பழைய போர்டுகளிலும் ரைசன் 5000 வரிசை பிராசசர்களைப் போட்டுக்கொள்ள 2022-இல் அனுமதியும் தந்தது. இன்டெல் பக்கம் இந்தப் பெருந்தன்மை குறைவு. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றுதான், எல்ஜிஏ 1151. ஆனால் ஆறாம் தலைமுறை போர்டில் எட்டாம் தலைமுறை பிராசசர் உட்காரும், ஓடாது. சாக்கெட் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டியவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஆகவே எதை வாங்கலாம் என்பதை முதலில் போர்டிடம் கேட்க வேண்டும். விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்தால் ‘பேஸ்போர்டு புராடக்ட்’ என்ற வரியில் போர்டின் மாடல் பெயர் இருக்கும். அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கு சிபியு சப்போர்ட் பட்டியல் உண்டு. பிராசசர் பெயருக்கு நேரே எந்த பயாஸ் வெர்ஷன் வேண்டும் என்றும் போட்டிருப்பார்கள். இந்த ஒரு பக்கத்தைப் படிக்காமல் கடைக்குக் கிளம்பாதீர்கள்.

அடுத்த கேள்வி, சிஸ்டம் எதற்காகக் காத்துக்கிடக்கிறது என்பது. கம்ப்யூட்டரை ஆன் செய்த ஐந்து நிமிடத்துக்குள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசசர் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றுகொண்டிருக்கும். ஹார்டு டிஸ்க்கில் தகடு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது; அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் முள்ளுக்கடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். முள் அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு எட்டு ஒன்பது. ஆக, சிதறிக்கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை எடுப்பதென்றால் நொடிக்கு நூறைத் தொடுவதே பெரிய விஷயம். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கில் அப்படித்தான் கேட்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. விலை குறைந்ததுகூட நொடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துக் கொடுத்துவிடும்.

இதனால்தான் பட்ஜெட்டின் முதல் பங்கு எஸ்.எஸ்.டி.க்கு என்பேன். எம்.2 ஸ்லாட் இருந்தால் என்விஎம்இ வாங்கலாம். ஸ்லாட் எந்த வகையை ஏற்கும் என்பதையும் போர்டின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள், சாட்டா வகையை மட்டும் ஏற்கும் எம்.2 ஸ்லாட்டுகளும் உண்டு. எம்.2 இல்லையென்றால் இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. போதும். சாட்டா நொடிக்கு 550 எம்பி, என்விஎம்இ 3500 எம்பி என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரிய வீடியோ ஃபைல்களை நகர்த்துகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். டேலி, பிரவுசர், ஆன்லைன் வகுப்பு என்று இருக்கிறவருக்குத் தெரியாது.

ரேமுக்கு இரண்டாவது இடம். 8 ஜிபி இன்றைக்குப் பற்றாக்குறைதான். ஆனால் இந்த வகை சிஸ்டத்தில் இன்னொரு 8 ஜிபி சேர்ப்பதால் வேறொரு லாபமும் உண்டு. ஒற்றை ஸ்டிக்கில் ஒரு பாதைதான் வேலை செய்யும். 2400 வேக டிடிஆர்4 என்றால் நொடிக்கு 19.2 ஜிபி. இரண்டு ஸ்டிக் போட்டால் இரண்டு பாதை, 38.4 ஜிபி. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, அதுவும் இந்த ரேமைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதனால் கேம் ஆடும்போது இந்த இரட்டிப்பு கண்ணுக்கே தெரியும். பழைய 2400-உடன் புதிய 3200 ஸ்டிக்கைச் சேர்த்தால் இரண்டும் 2400-லேயே ஓடும், அது குற்றமில்லை.

பிராசசரில் ஓர் எழுத்தைக் கவனிக்க வேண்டும். ரைசன் 5 5600 நல்ல பிராசசர்: ஆறு கோர், 65 வாட், 32 எம்பி கேஷ். அதில் கிராபிக்ஸ் கிடையாது. 2200ஜி-யைக் கழற்றிவிட்டு அதைப் போட்டு மானிட்டர் வயரைப் பழைய இடத்திலேயே செருகினால் டிஸ்ப்ளே வராது. தனி கார்டு இல்லாதவர்கள் வாங்க வேண்டியது 5600ஜி அல்லது 5600ஜிடி. இவற்றில் கேஷ் பாதிதான், 16 எம்பி. அன்றாட வேலைக்கு அது ஒரு குறையே அல்ல. எட்டு கோர் ஆசை வந்தால், மின்சுற்றின் மேல் ஹீட்சிங்க்கூட இல்லாத ஏ320 போர்டில் 105 வாட் ரகங்களை ஏற்றாதீர்கள்.

புது பிராசசர் வந்ததும் பழையதைக் கழற்றக் கை பரபரக்கும். பொறுங்கள். பயாஸ் அப்டேட்டை முடிக்கும்வரை பழையது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பழைய பயாஸுக்குப் புதிய பிராசசரை அடையாளம் தெரியாது. கழற்றி மாட்டிய பிறகு அப்டேட் செய்யத் திரையே இருக்காது. சில போர்டுகளில் நடுவே ஒரு வெர்ஷனை ஏற்றிவிட்டுத்தான் கடைசி வெர்ஷனுக்குப் போக முடியும். யு.பி.எஸ். இல்லாத வீட்டில் கரண்ட் போகும் நேரம் பார்த்து இதைத் தொடவே கூடாது.

கழற்றுவதிலும் ஏஎம்4-க்கென்று ஒரு வில்லங்கம் உண்டு. இதில் பின்கள் சாக்கெட்டில் இல்லை, பிராசசரின் அடியில் இருக்கின்றன. ஆறேழு வருடமாகக் காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசைபோல் இறுகியிருக்கும். கூலரை நேராகத் தூக்கினால் லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டு, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்கு மறுக்காகத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாகத் திருகி வழுக்கி எடுங்கள். புதியதை வைக்கும்போது மூலையிலுள்ள தங்கநிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்தால் போதும், தன் எடையிலேயே இறங்கிவிடும். அழுத்த வேண்டியிருந்தால் எங்கோ தவறு.

முதல் தடவை ஆன் செய்யும்போது, புதிய சிபியு போட்டிருக்கிறீர்கள், எஃப்டிபிஎம்மை (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) ரீசெட் செய்யட்டுமா என்று கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரலாம். டிஸ்க்கை பிட்லாக்கரால் பூட்டியிருந்து ரெகவரி கீ கையில் இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் சரி என்று சொல்லலாம். அந்த எஃப்டிபிஎம் பயாஸில் ஆன் ஆகியிருக்க வேண்டும், விண்டோஸ் 11 அதையும் கேட்கும்.

வீட்டில் பிள்ளைகள் கிராபிக்ஸ் கார்டு கேட்டால், முதலில் எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே 500 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பெருக்கிப் பாருங்கள், 192 வாட்தான். பிராசசரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டில்தான். ஆர்எக்ஸ் 6600 என்றால் கார்டு ஒன்றுக்கே 132 வாட் வேண்டும். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி போன்ற விலை மலிவான கார்டுகளில் வேறு சிக்கல்: அவை நான்கு லேன்களை மட்டுமே பயன்படுத்துபவை, பிசிஐஇ 4.0-ஐ நம்பிச் செய்தவை. ஏ320 போர்டில் 3.0 என்பதால் அந்தக் குறுகிய பாதையும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும்.

செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 கண்ணில் படும். ‘2048எஸ்பி’ என்ற ஒட்டு இருந்தால் அது பெயர் மாற்றிய 570; அசல் 580-இல் ஸ்ட்ரீம் பிராசசர்கள் 2304. காசு கொடுக்கும் முன் ஓடும் சிஸ்டத்தில் மாட்டி ஜிபியு-இசட்டில் அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய சாமானுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தவிர்க்க முடியாதது. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் மூன்று வருட வாரண்டியையும் சேர்த்துத்தான் விட்டுக்கொடுக்கிறீர்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள்.

பழைய ஹார்டு டிஸ்க்கை விற்றால் ஒன்றும் தேறாது. கல்யாண வீடியோ, போட்டோ வைத்துக்கொள்ள உள்ளேயே இருக்கட்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைப் போட்டு அதன் உடல்நிலையை ஒருமுறை பாருங்கள். மஞ்சளில் ‘காஷன்’ என்று காட்டினால், புது சிஸ்டத்தில் செய்யும் முதல் வேலை அதிலுள்ளதை வேறிடத்துக்குக் காப்பி எடுப்பதாக இருக்கட்டும்.