பீஸ் கட்டை வீட்டைக் காக்கும், ஆளைக் காக்குமா?

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் மின் இணைப்பு பெற்ற ஓட்டு வீடுகள் இன்னும் ஏராளம். இரண்டு குண்டு பல்பு, ஒரு ரேடியோ என்ற கணக்கில் அன்று வயர் இழுத்தார்கள். இன்று அதே வயரில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, தொலைக்காட்சி, தண்ணீர் ஏற்றும் சிறு மோட்டார் அத்தனையும் ஓடுகின்றன. பொருள்கள் கூடின. வயர் மட்டும் பழையபடியே இருக்கிறது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடி பகுதிகளில் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் விளக்கு எரியச் சில வாரங்கள் ஆயின. கம்பமும் கம்பியும் புதிதாயின. ஆனால் மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள வயர் வீட்டுக்காரர் பொறுப்பு. அதை யாரும் வந்து மாற்றித் தர மாட்டார்கள்.

பீஸ் செய்வதும் செய்யாததும்

'பீஸ் கட்டை இருக்கிறதே, ஆபத்து என்றால் பீஸ் போய்விடும்' என்று பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மை. வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதே பீசின் வேலை. ஐந்து ஆம்பியர் பீஸ் கம்பி உருக வேண்டுமானால் அதைவிட அதிகமான மின்சாரம் பாய வேண்டும். மனித உயிருக்கு அவ்வளவு தேவையில்லை. 60 வாட் குண்டு பல்பு எரிய 250 மில்லி ஆம்பியர் மின்சாரம் பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு நெஞ்சு வழியே பாய்ந்தாலே இதயம் நின்றுபோகக் கூடும். ஆள் துடித்துக் கொண்டிருக்கும்போதும் பீஸ் அசையாது. பீசுக்குப் பதில் வரும் எம்.சி.பி. சுவிட்சுக்கும் இதே கதைதான்.

பீஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போடுவது இன்னும் கேடு. அப்போது வீட்டைக் காக்கும் வேலையும் நின்றுவிடுகிறது.

நம் மண்ணில் எர்த்

மின்கசிவு உண்டானால் அதைத் தரைக்குள் இறக்கிவிடுவதே எர்த். பழைய வீடுகள் பலவற்றில் எர்த்தே கிடையாது. இருந்தாலும் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும். மூன்று முள் பிளக்கை இரண்டு துளையில் செருகினாலோ, வயரைக் குச்சியால் அழுத்திச் செருகினாலோ எர்த் இருந்தும் பயனில்லை.

எர்த் போட 40 மில்லி மீட்டர் கனமுள்ள துத்தநாகம் பூசிய குழாயை இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்குவது வழக்கம். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கொல்லையில் தண்ணீர் வழிந்து ஈரம் நிற்கும் வாழையடி நல்ல இடம். கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றி வர வேண்டும்.

ஆனால் கந்தர்வகோட்டை பக்கத்துச் செம்புறாங்கல் நிலத்திலும், நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் பக்கத்துப் பாறை நிலத்திலும் தரை எளிதில் மின்சாரத்தை வாங்காது. எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக் கொள்வோம். 240 வோல்ட்டில் 12 ஆம்பியர்தான் தரைக்குள் போகும். 15 ஆம்பியர் பீஸ் உருகாது. கிரைண்டரின் உடம்பில் மின்சாரம் நின்று கொண்டே இருக்கும். ஆகவே நம் மாவட்டத்தில் எர்த் மட்டும் போட்டால் போதாது.

உயிர் காக்கும் கருவி

ஆர்.சி.சி.பி. என்ற கருவி இங்கேதான் கைகொடுக்கிறது. கடையில் இ.எல்.சி.பி. என்று கேட்டாலும் தெரியும். வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று இது ஓயாமல் கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, எங்கோ கசிகிறது என்று கண்டு, ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். எர்த்தின் தடை 100 ஓமாக இருந்தால்கூடக் கசிவு 2,400 மில்லி ஆம்பியர் ஆகும். கருவிக்கு அது தாராளம். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். விலை ஒரு மிக்சியின் விலைக்குள் அடங்கும்.

இதற்கும் எல்லை உண்டு. இரண்டு வயரையும் ஒருசேரத் தொட்டால் இது காக்காது. அதிகச் சுமையையும் அறியாது, எனவே எம்.சி.பி.யும் உடன் வேண்டும்.

பழைய வீட்டில் இதைப் பொருத்தியதும் அடிக்கடி விழலாம். 'கருவி சரியில்லை' என்று கழற்றி எறிபவர்கள் உண்டு. கருவி சொல்வது உண்மை: ஈரச் சுவரிலோ எலி கடித்த வயரிலோ கசிவு இருக்கிறது. அதைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

கையில் உள்ள பணத்துக்கேற்ப

முழு வீட்டுக்கும் ஒரே தடவையில் வயர் மாற்ற முடியாதவர்கள் படிப்படியாகச் செய்யலாம்.

முதலில் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும்.

அடுத்து அடுப்படி, குளிக்குமிடம், தொழுவம் ஆகிய ஈரமான இடங்களின் வயர். பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லி மீட்டர், விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லி மீட்டர் செம்பு வயர் வேண்டும்.

பிறகு மீதி வீடு. துணி சுற்றிய பழைய ரப்பர் வயர் தொட்டாலே உதிர்கிறதென்றால் காத்திருக்கக் கூடாது.

வேலையின்போது இரண்டு விஷயங்களைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். சுவிட்ச் பேஸ் வயரில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் பீஸ் இருக்கக் கூடாது. அது போனால் விளக்கு அணைந்திருக்கும், மின்சாரம் மட்டும் உள்ளே நிற்கும். எர்த்துக்குப் பதில் நியூட்ரலை முடிந்துவிடுவதும் ஆபத்து. மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற வயர்மேனைக் கொண்டே வேலை செய்ய வேண்டும்.

கொடியும் கால்நடையும்

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரைத் தாங்கும் கம்பியில் துணி காயப்போடும் கொடியைக் கட்டக் கூடாது. வயரின் உறை தேய்ந்து கம்பியைத் தொட்டால் கொடி முழுவதும் மின்சாரம் ஏறும். கொடிக்கு நைலான் கயிறே நல்லது. கம்பத்திலும் அதன் இழுவைக் கம்பியிலும் மாடு, ஆட்டைக் கட்டக் கூடாது. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகமாதலால், தரையில் பரவும் மின்சாரம் மனிதரைவிட மாட்டை எளிதில் வீழ்த்தும்.

யாராவது மின்சாரத்தில் சிக்கினால் கையால் இழுக்கக் கூடாது. முதலில் மெயினை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ள வேண்டும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அறுந்த கம்பியைக் கண்டால் யாரையும் கிட்டே விடாமல், 2021-இல் தொடங்கிய மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லலாம்.

ஐப்பசி மழை தொடங்குமுன், புரட்டாசிக்குள் இந்த வேலைகளை முடித்துக் கொள்வது நல்லது. சுவர் நனைந்த பிறகு கசிவைத் தேடுவது சிரமம்.