உங்களுக்குத் தெரியுமா? கிழட்டு டிராக்டரும் தலைமுடிக் கணக்கும்!

பழைய மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டருக்குச் சேஸ் கிடையாது! என்ஜின், கிளட்ச் கூடு, கியர் பாக்ஸ், பின் அச்சு எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்டு முடுக்கியதுதான் மொத்த வண்டியும். தேய்ந்த என்ஜினை மட்டும் இறக்கிவிடலாம் என்று ஸ்பேனரைத் தூக்கினால் டிராக்டரே இரண்டாகப் பிளக்கும். இரண்டா? மூன்று! முன் அச்சும் என்ஜினோடுதான் பூட்டியிருக்கிறது!

இந்த வித்தையை லட்சக்கணக்கில் உலகம் முழுக்கப் பரப்பியது ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர். வந்த ஆண்டு 1917!

அடியில் இருக்கும் ஆயில் சம்ப்? பழைய கார்களில் அது பெரும்பாலும் வெறும் தகடு. இங்கே கனத்த வார்ப்பிரும்பு! ஆயிலையும் தாங்கும், டிராக்டரையும் தாங்கும்!

1956-ல் வந்த ஃபெர்குசன் 35-க்கு முதலில் வைத்த டீசல் என்ஜினில் நாலு சிலிண்டர். குளிர்காலக் காலையில் அதைக் கிளப்புவதற்குள் இங்கிலாந்து விவசாயிக்கே வியர்த்துவிடும் என்று பேர் வாங்கியது. 1959-ல் தூக்கிப் போட்டுவிட்டு, பெர்கின்ஸ் கம்பெனியின் மூன்று சிலிண்டர் என்ஜினை மாட்டினார்கள். சிலிண்டர் குறைந்தால் வயிறு சுருங்குமா? நாலு சிலிண்டர் என்ஜின் 2.26 லிட்டர். மூன்று சிலிண்டர் என்ஜின் 2.5 லிட்டர்!

என்ஜின் பிடித்துப்போனதோ என்னவோ, அதே 1959-ல் பெர்கின்ஸ் கம்பெனியையே மாஸி ஃபெர்குசன் வாங்கிவிட்டது!

அந்தப் பெர்கின்ஸ் டீசல் என்ஜின்களை உரிமம் வாங்கி நம் நாட்டில் செய்தது யார்? சென்னை சிம்ப்சன்! தொடங்கிய ஆண்டு 1840. ரதம்போல் கோச்சு வண்டி கட்டிய கம்பெனி, டீசலுக்கு வந்துவிட்டது. மாஸி ஃபெர்குசன் டிராக்டர் செய்ய டாஃபே பிறந்ததும் சென்னையில்தான், 1960-ல்!

அந்த மூன்று சிலிண்டர் என்ஜினோடு நிற்கிற டிராக்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு தூரம் ஓடுகிறது? ஒரு மேல், ஒரு கீழ், ஒவ்வொன்றும் 127 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 2,000 சுற்று. கூட்டிப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர்! வண்டி இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை!

அதே வேகத்தில் மூன்று நாசில்களும் சேர்ந்து நிமிடத்துக்கு 3,000 தடவை டீசல் பீய்ச்சும். முழுச் சுமையில்கூட ஒரு தடவைக்கு ஒரு சொட்டுதான்!

காற்று? நிமிடத்துக்கு 2,000 லிட்டருக்கு மேல் உறிஞ்சும். புழுதி பறக்கும் வயலில்! ஏர் ஃபில்டர் குழாயில் ஒரு விரிசல் போதும், புது பிஸ்டன் செட் சாணை பிடிக்கப்பட்டுவிடும்.

டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினேழில் ஒரு பங்காக நசுக்கினால் அதுவே 500 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அதில் டீசல் பட்டதும் பற்றும். அவ்வளவுதான் சூட்சுமம்! பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்று கசிந்தால் சூடு போச்சு, ஸ்டார்ட்டும் போச்சு!

தேய்மானம் எங்கே? பிஸ்டன் ஓடும் லைனர் முழுக்கச் சமமாகத் தேயாது. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம். ஆயில் குறைவு, வெப்பம் அதிகம். விரலை விட்டுத் தடவினால் விளிம்பு தட்டும்!

அதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். புது ரிங் ஒன்றை அதிகம் தேய்ந்த இடத்தில் வைத்து இடைவெளி பாருங்கள், பிறகு தேயாத அடிப்பகுதியில் வைத்துப் பாருங்கள். வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் தேய்மானம் வந்துவிடும். பள்ளிக்கூடத்து ‘பை’ பட்டறைக்கே வந்துவிட்டது!

கிழட்டு என்ஜின் புகையிலேயே பேசும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் கூடுதல், அல்லது காற்று குறைச்சல். வெள்ளை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது!

தண்ணீர் நேரடியாகப் படும் ஈர லைனரை வெளிப்பக்கத்திலிருந்து துளைப்பது எது தெரியுமா? குமிழி! லைனர் அதிரும்போது தண்ணீரில் நுண்குமிழிகள் பிறந்து வெடிக்கின்றன. வெடித்து வெடித்தே வார்ப்பிரும்பில் ஓட்டை போட்டுவிடும்!

இப்படி உருவி மாற்றும் ஈர லைனர்தான் ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரிலும். அதன் பெட்ரோல் என்ஜின் குடும்பத்திலிருந்தே வந்தது ட்ரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜின்! 1951-ல் வந்த டீசல் டிஇ20-இன் என்ஜினோ 1954-ல் ஸ்டாண்டர்ட் வான்கார்டு காருக்குள் ஏறியது. பிரிட்டனின் முதல் டீசல் கார்!

ஒரு பிஸ்டன் தலையில் வெடிப்பு எவ்வளவு அழுத்துகிறது? ஏறத்தாழ 4 டன்! அதைத் தாங்கும் பேரிங் ஷெல்லின் தடிமன் ஒருசில மில்லிமீட்டர். ஷெல்லும் கிராங்கும் நேரடியாகத் தொடுவதும் இல்லை. நடுவில் ஆயில் படலம் மட்டும்!

அந்த இடைவெளியை அளப்பது ஒரு பிளாஸ்டிக் இழை! பேரிங்குக்குள் வைத்து முடுக்கி, திரும்பக் கழற்றிப் பாருங்கள். இழை எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறதோ அதுவே கணக்கு. டிராக்டர் வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த கருவி இதுதான்.

கிராங்க் தேய்ந்தால் சாணை பிடிக்கலாம். 10 சைஸ், 20 சைஸ், 30 சைஸ் என்று லேத் பட்டறையில் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு படியும் கால் மில்லிமீட்டர். அதற்கேற்பத் தடித்த ஷெல் போடுவார்கள். ஆனால் கோணல் இங்கேதான்: பேரிங் உட்காரும் ஜர்னலின் ஓரத்தில் சின்ன வளைவு விடாமல் கூராக மூலை வெட்டிவிட்டால், விரிசல் அங்கேதான் தொடங்கும். எல்லா அளவும் மிகச் சரி, கிராங்க் இரண்டு துண்டு!

கனெக்டிங் ராடின் தொப்பியைப் பக்கத்து ராடுக்கு மாட்டாதீர்கள். ராடையும் தொப்பியையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் துளை போட்டிருக்கிறார்கள். அதனால்தான் 1, 2, 3 என்று இரண்டிலும் எண் குத்தியிருக்கிறது!

பிஸ்டன் பின்னைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். பிஸ்டனைச் சுடுதண்ணீரில் போட்டு எடுங்கள். அலுமினியம் எஃகைவிட இரண்டு மடங்கு விரியும். கட்டைவிரலால் தள்ளினால் பின் வழுக்கிக்கொண்டு போகும்!

இனி ராஜா. டீசல் பம்ப்! உள்ளே இருக்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்! அந்த இடுக்கில் டீசலே எண்ணெய். தனியாக மசகு கிடையாது. பிளஞ்சரும் உறையும் ஜோடி சேர்த்துத் தேய்த்துச் செய்தவை. ஒன்றை மாற்றி இன்னொன்றில் போட்டால் ஜோடி கெட்டது. டன் கணக்கில் இழுக்கும் வண்டி, முடியில் ஒரு சிறு பங்கு தேய்ந்ததும் இழுக்க மறுக்கிறது!

நாசில் டெஸ்ட் செய்யும்போது கையை நீட்டவே கூடாது. காற்றழுத்தத்தைப் போல 120 முதல் 200 மடங்கு அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி பெரிதாகத் தெரியாது. விரலையே எடுக்க வேண்டி வந்ததுண்டு!

எல்லாம் பூட்டியாயிற்று, கிளம்பவில்லையா? பைப்பில் காற்று! இரும்பையே அதிர வைக்கும் பம்ப் ஒரு காற்றுக் குமிழியிடம் தோற்கும். குமிழி நசுங்குமே தவிர நாசிலைத் திறக்காது. நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்தால்தான் உயிர் வரும்.

கிளம்புவதிலும் எத்தனை கூத்து! இங்கிலாந்தின் ஃபீல்டு மார்ஷல் டிராக்டருக்கு ஒற்றை சிலிண்டர், 6 லிட்டர். துப்பாக்கித் தோட்டா போன்ற ஒன்றை உள்ளே போட்டு, சுத்தியலால் ஒரு தட்டு. டமார்! வண்டி ஓடும்! ஜெர்மனியின் லான்ஸ் புல்டாக்கில் ஸ்டியரிங் சக்கரத்தைத் தண்டோடு உருவி, அதையே ஸ்டார்ட் செய்யும் கைப்பிடியாக மாட்டிச் சுழற்றினார்கள். அது சில சமயம் தலைகீழாகச் சுற்றவும் செய்யும். முன்னோக்கிப் போகும் கியரெல்லாம் பின்னோக்கி!

டீசலை நிறுத்தியும் நிற்காத என்ஜின் உண்டு! ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறினால், அந்த ஆயிலையே குடித்து வேகம் பிடிக்கும். ஆக்ஸிலரேட்டரைக் குறைத்துப் பயனில்லை. காற்று வரும் வழியைப் பலகையால் அடைக்க வேண்டும். இல்லையென்றால் ஆயில் தீரும்வரை, அல்லது என்ஜின் சிதறும்வரை!

புது லைனர், புது ரிங் போட்ட என்ஜினைப் பூப்போல வைத்துக்கொள்வோம் என்று வெறுமனே ஓடவிடுவார்கள். அதுதான் தப்பு! சுமை இல்லாமல் ஓடினால் லைனரில் கண்ணாடிப் பூச்சு படிந்துவிடும். ரிங் கடைசிவரை பதியாது. சூடு ஏறியதும் ஓரளவு சுமை கொடுங்கள். ஒரே அளவில் கொடுக்காமல், ஏற்றி இறக்கி மாற்றிக் கொடுங்கள். அந்தப் பளபளப்பு வந்துவிட்டாலோ, ஹெட்டைக் கழற்றி, லைனரைத் திரும்பவும் தேய்த்து, ரிங் மாற்றி... முதலிலிருந்து எல்லா வேலையும்!