பத்து அறையும் பத்து விதம்

புதுச்சேரி பெருமாள் கோயில் வீதியில் இருக்கும் மேசோன் பெருமாள் விடுதியில் மொத்தமே 10 அறைகள்தான். ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பம் வாழ்ந்த, நூறாண்டு கடந்த வீடு அது. தேக்குத் தூண்கள், வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம் என்று பழைய அமைப்பு மாறாமல் இருக்கிறது. குடும்பம் வாழக் கட்டிய வீடுகளை விடுதியாக மாற்றும்போது ஓர் அறை இன்னோர் அறையைப் போல அமைவதில்லை. கூடத்தை ஒட்டியது விசாலமாக இருக்கும், பின்கட்டில் உள்ளது ஒடுங்கியிருக்கும். மாடியில் காற்று கிடைக்கும், கீழே குளுமை கிடைக்கும்.

இருநூறு அறை கொண்ட நட்சத்திர ஓட்டலில் இந்தச் சிக்கல் கிடையாது. ஏழாவது மாடியில் பார்த்த அதே கட்டிலும் அதே திரைச்சீலையும் எட்டாவது மாடியிலும் இருக்கும். அங்கே ஓட்டலின் பெயரை நம்பிப் பணம் கட்டலாம். கணவனும் மனைவியும் பிறந்தநாளுக்காக இரண்டு நாள் தனியே போய்த் தங்க ஒரு சிறிய சொகுசு விடுதியைத் தேடும்போது, பெயர் மட்டும் போதாது. எந்த அறை என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பூட்டிக் ஓட்டல் எனப்படும் இந்த வகை, பெரிய குழும ஓட்டல்களின் ஒரே அச்சுத் தோற்றத்துக்கு மாற்றாக மேலைநாடுகளில் தொடங்கியது. லண்டனில் அனூஷ்கா ஹெம்பல் 1978-ல் திறந்த பிளேக்ஸ், நியூயார்க்கில் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும் 1984-ல் திறந்த மார்கன்ஸ் இரண்டும் இதன் முன்னோடிகள். மார்கன்ஸை வடிவமைத்த ஆந்த்ரே புட்மான், விலை குறைந்த கறுப்பு வெள்ளை ஓடுகளை வைத்தே குளியலறைகளைப் பேசவைத்தார். அறை சிறிதாக இருக்கலாம், ஆனால் யாரோ ஒருவர் ரசித்துச் செய்தது தெரிய வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. இந்தியாவுக்கு வந்தபோது அது பழைய வீடுகளைப் பிடித்துக்கொண்டது. ராஜஸ்தானில் அரண்மனைகளையும் ஹவேலிகளையும், செட்டிநாட்டில் நகரத்தார் வீடுகளையும், புதுச்சேரியில் பிரெஞ்சு மாளிகைகளையும் தமிழர் வீடுகளையும்.

புதுச்சேரியின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கால் ஊன்றியது 1674-ல். 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினார்கள். பின்னர் பழைய நேர்கோட்டுத் தெருக்களின் மேலேயே ஊர் மறுபடி எழுந்தது. நடுவில் ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடலோரமாகப் பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. இரண்டு பக்கத்து வீடுகளும் தெருவோடு கொள்ளும் உறவே வேறு. பிரெஞ்சு வீடு உயர்ந்த மதிலுக்கும் பெரிய கதவுக்கும் பின்னால் தோட்டத்தை வைத்துக்கொண்டு தெருவுக்கு முதுகு காட்டும். தமிழ் வீடு திண்ணையை வெளியே நீட்டி, போகிறவர் வருகிறவரை உட்காரச் சொல்லும். இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அதற்கு நல்ல உதாரணம். அதில் கீழ்த்தளம் தமிழ் முறை, மேல்தளத்தில் பிரெஞ்சு பாணித் தூண்கள்.

தனிமை வேண்டும், யார் முகமும் வேண்டாம் என்கிற தம்பதிக்கு மதில் சூழ்ந்த பிரெஞ்சு வீடு பொருந்தும். முற்றத்து வீட்டில் அந்த அளவு தனிமை கிடைக்காது. அறைக் கதவுகள் எல்லாம் முற்றத்தை நோக்கித் திறக்கும், ஒருவர் சிரித்தால் பத்து அறைக்கும் கேட்கும். அதற்கு ஈடாக முற்றம் தருவது ஒரு வீட்டில் இருக்கும் உணர்வு. மழை நேரே உள்ளே இறங்குவதைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பரபரப்பான அடுக்குமாடி வாழ்க்கையிலிருந்து போகிறவர்களுக்கு இது பெரிய பரிசு.

இரண்டு பகுதிகளிலும் தரமான விடுதிகள் இருக்கின்றன. புஸ்ஸி வீதியில் உள்ள பலே த மாஹேயில் நடுவே நீச்சல்குளம், அதைச் சுற்றி மஞ்சள் சுவர்களும் அகன்ற தூண் தாழ்வாரங்களும். அதையும் மேசோன் பெருமாளையும் நடத்துவது கேரளத்தைச் சேர்ந்த சி.ஜி.எச். எர்த் நிறுவனம். சுஃப்ரேன் வீதி வில்லா சாந்தி 15 அறை கொண்டது. அங்கே முற்றமே உணவகம், தங்காதவர்களும் சாப்பிட வருவார்கள். மாலையில் விளக்கும் பேச்சும் கலகலப்புமாக இருக்க வேண்டும் என்று விரும்பும் பிறந்தநாள்காரருக்கு அது கொண்டாட்டம். எட்டரை மணிக்கே அமைதி தேடுகிறவருக்கு அப்படி இருக்காது. ஆகவே "நல்ல ஓட்டலா?" என்ற கேள்வியைவிட, அந்த ஓட்டலில் இரவு எட்டு மணிக்கு என்ன நடக்கும் என்ற கேள்வி அதிகம் பயன்படும்.

நீச்சல்குளத்துக்கும் இது பொருந்தும். பழைய வீட்டின் முற்றத்தில் அமைத்த குளம் பெரும்பாலும் சிறியது. நான்கு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் பார்வை படும் இடம் அது. நீந்த விரும்பும் மனைவி, பார்வைக்குக் கூச்சப்படுகிறவரானால், படத்தில் நீலமாக மின்னும் அந்தக் குளத்தில் காலைக்கூட நனைக்காமல் திரும்பிவிடுவார்.

நட்சத்திரக் கணக்கு இங்கே அதிகம் உதவாது. லிப்ட், உணவகம், பார்க்கிங் என்று வசதிகளைப் பார்த்துத் தருவது நட்சத்திரம். பழைய வீட்டுக்குள் லிப்ட் வைக்க இடமே இருக்காது. இதற்கென மத்திய சுற்றுலா அமைச்சகம் பாரம்பரிய ஓட்டல் என்று தனி வகை வைத்திருக்கிறது. 1950-க்கு முன் கட்டிய மாளிகைகளும் பெருவீடுகளும் அதில் வரும். பழைய தோற்றத்தில் புதிதாகக் கட்டிய விடுதிகளும் ஊரில் உண்டு, அவற்றில் தங்குவதில் தவறில்லை. ஆனால் பழைமைக்காகவே கூடுதல் பணம் தருகிறவர்கள், கட்டடம் எந்தக் காலத்தது, எந்தப் பகுதி மட்டும் பழையது என்று கேட்டுவிட வேண்டும்.

அந்தக் கூடுதல் பணத்துக்கு அர்த்தம் இருக்கிறது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்த மெட்ராஸ் டெரஸ் கூரையைப் பராமரிப்பது லேசான வேலை இல்லை. தண்ணீர் ஒரு இடத்தில் இறங்கினால் மரம் உளுக்கும். கடற்கரையில் 1870-களில் எழுந்த மேரி கட்டடம், பிரெஞ்சுக் காலத்து நகர மண்டபம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை ஊர் மறக்கவில்லை. அதை அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். அரசுக் கட்டடத்துக்கே இந்த நிலை என்றால், வாரிசுகள் பல ஊரில் சிதறிய தனியார் வீடுகளின் கதி என்ன? பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க இன்டாக் அமைப்பு பல ஆண்டுகளாகப் போராடியும் எத்தனையோ வீடுகள் இடிபட்டுவிட்டன. வருமானம் தரும் விடுதியாக மாறியதால் பிழைத்த வீடுகள் கண்ணெதிரே நிற்கின்றன. அந்த வீடுகளில் தங்குகிறவர்களின் பணம் ஓட்டுக்கும் காரைக்கும் மரத்தச்சருக்கும் போகிறது.

இனி அறை. இணையத்தில் பணம் கட்டும் முன் விடுதிக்கே ஒரு போன் செய்துவிட வேண்டும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு அழைத்தால் வரவேற்பில் இருப்பவர் நிதானமாகப் பேசுவார். குறிப்பிட்ட அறையின் பெயரையோ எண்ணையோ கேட்டு, அது எந்தத் தளம், ஜன்னல் தெருவைப் பார்க்கிறதா, முற்றத்தைப் பார்க்கிறதா, அல்லது பக்கத்துச் சுவரைப் பார்க்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அகலக் கோண லென்ஸில் எடுத்த படம் பத்தடி அறையைக் கூடமாகக் காட்டும் என்பதால் சதுர அடியைக் கேட்பது அவசியம். கட்டில் ஒன்றா, இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டதா? நடுவில் விரிசல் விழும் மெத்தையில் பிறந்தநாள் இரவைக் கழிக்க யாரும் விரும்புவதில்லை. ஏ.சி.யின் வெளி யூனிட் தலைமாட்டு ஜன்னலுக்கு வெளியே இருக்கிறதா என்பதும் கேட்கத் தகுந்ததே.

குளியல் தொட்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொட்டி இருக்கும் அறைக்குக் கூடுதல் வாடகை. சராசரித் தொட்டி நிரம்ப 150 லிட்டர் தண்ணீராவது வேண்டும். சுவரில் மாட்டியிருப்பது 25 லிட்டர் கீசர் என்றால், தொட்டி நிறைவதற்கு வெகு முன்பே வெந்நீர் தீர்ந்துவிடும். கீசர் எத்தனை லிட்டர் என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் விடுதி தன் அறைகளை அறிந்த விடுதி.

மணிவிழா முடிந்த கையோடு அப்பா அம்மாவைப் பிள்ளைகள் இப்படி அனுப்பிவைப்பது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. நல்ல பழக்கம். ஆனால் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பழைய வீட்டு மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி தாழ்வானது. பிற்காலத்தில் சேர்த்த குளியலறைக்கு ஒரு படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். அலங்காரக் கட்டில் உயரமாக இருக்கும். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு மேல்மாடியின் அழகிய பால்கனி அறையைவிட, கீழ்த்தளத்தின் எளிய அறை எவ்வளவோ மேல்.

விடுதியின் வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் வாடகையில் சேர்த்தி. புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். நடந்தே அங்கே போக முடிகிற விடுதி என்றால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கடலோரமாக நடக்கலாம். பிறந்தநாள் காலையில் கோயிலுக்குப் போவது வழக்கமுள்ள தம்பதிக்கு மணக்குள விநாயகர் கோயில் பிரெஞ்சுப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. மேற்குப் பக்கம் தங்கினால் பெருமாள் கோயில் வீதியிலேயே பாரதிதாசன் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1908 முதல் பத்தாண்டுகள் இந்த ஊரில் கழித்த பாரதியின் வீடும் தொலைவில் இல்லை. சொந்தக் காரில் போகிறவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவது என்று முன்பே கேட்க வேண்டும். பழைய வீடுகளுக்குக் கார் நிறுத்துமிடம் இருந்ததில்லை, சனி ஞாயிறுகளில் ஒயிட் டவுன் எனப்படும் பிரெஞ்சுப் பகுதியின் தெருக்களில் இடம் கிடைப்பது அபூர்வம்.

பணக் கணக்கில் ஒரு எல்லைக்கோட்டைத் தெரிந்திருப்பது லாபம். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,875 ரூபாய் ஆகும். 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ரூபாய். வாடகையில் நூறு ரூபாய் கூடினால் பில்லில் 1,093 ரூபாய் கூடுகிறது. அட்டையில் அச்சிட்ட கட்டணத்தை விட்டுவிட்டு, உண்மையில் வாங்கும் தொகைக்கே வரி போடுவதால், வார நாள் தள்ளுபடியில் கோட்டுக்குக் கீழே இறங்கும் அறைகள் கிடைக்கும். பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருந்தால் அது கட்டாயம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட இந்த விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. அடையாள அட்டை இருவருக்கும் வேண்டும். திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருந்தாலும், சில விடுதிகள் தங்களுக்கென்று விதி வைத்திருப்பதால் அதையும் போனிலேயே பேசிவிடலாம்.

கொண்டாட்டத்தை விடுதிக்காரர்களிடம் முழுவதும் விட்டுவிடுவதும் சரிவராது. அறை முழுக்கப் பலூனும் கட்டில் மேல் ரோஜா இதழும் பரப்புவது அவர்களுக்குப் பழகிய வேலை. அது யாருக்குப் பிடிக்கும், யாருக்குச் சங்கடம் என்பது துணைக்குத்தான் தெரியும். நள்ளிரவு 12 மணிக்குக் கேக் வெட்டும் ஆசை இருந்தால், முற்றத்து வீட்டில் மற்றவர்கள் தூங்குவார்கள் என்பதை நினைத்து மொட்டைமாடி கிடைக்குமா என்று விசாரிக்கலாம். பத்து அறை விடுதியின் பலமே இங்கேதான் தெரியும். சமையல்காரரிடமே பேசி, மனைவிக்குப் பிடித்த மீன் குழம்பை அன்று மதியம் வைக்கச் சொல்ல முடியும்.

பிற்பகல் 2 மணிக்கு உள்ளே விட்டு மறுநாள் காலை 11 மணிக்கு அறையைக் காலிசெய்யச் சொல்லும் விடுதியில் ஓர் இரவு என்பது 21 மணி நேரம்தான். சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கு அது மூச்சு வாங்கும் நேரம். பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தாலும், செவ்வாய் புதனில் இரண்டு இரவு எடுத்துக்கொள்வதே சிறந்தது. கூட்டம் இருக்காது, கேட்ட அறை கிடைக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் எதுவும் கேட்டபடி கிடைக்காது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தநாள் வருகிறவர்கள் வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் வைக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தெருக்கள் மூழ்கின. அந்த மாதங்களில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் ஏறி மணக்கும் அறைகளும் உண்டு, கீழ்த்தள அறை என்றால் அதைக் கேட்டுவிடுவது நல்லது. புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்புமா, தேதியை மாற்றித் தருவார்களா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை முன்பணம் கட்டும் முன்பே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒதுக்கித் தருவதாகச் சொன்ன அறையின் பெயரும் அதே செய்தியில் இருக்கட்டும்.