இஞ்சின் மாற்றிய வண்டியில் அணையாத எச்சரிக்கை விளக்கு

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் சரக்கு மோட்டார் வண்டி, நிலமுடையோர் பலருக்கு இன்றியமையாததாகிவிட்டது. இஞ்சின் தேய்ந்து புகையத் தொடங்கினால், அதே ரகமான வேறொரு வண்டியின் இஞ்சினை வாங்கிப் பொருத்திக்கொள்வது சிக்கனமான ஏற்பாடே. ஆயினும், பொருத்திய பின் ஓட்டுநருக்கு எதிரேயுள்ள பலகையில் மஞ்சள் விளக்கு அணையாது எரிவதுண்டு. காரணம் அறியாமல் பழுதற்ற கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுவதால் பணம் விரயமாவதோடு, அறுவடைக் காலத்தில் வண்டியும் பட்டறையில் முடங்குகின்றது.

விளக்கின் பொருள்

இந்தியாவில் நான்கு சக்கர வண்டிகளுக்கு, தம் பழுதைத் தாமே கண்டறியும் அமைப்பு 2010 ஏப்ரல் முதல் முதற்படியாகவும், 2013 ஏப்ரல் முதல் இரண்டாம் படியாகவும் விதிக்கப்பட்டது. பலகையின் கீழுள்ள 16 முனைச் செருகுவாயில் ஸ்கேனர் கருவியை இணைத்தால் பழுதின் குறியெண் தெரியும். நெற்பயிரின் இலை மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவோ, துத்தநாகக் குறைவோ, நீர் தேங்கியதோ என ஆராய்ந்த பின்னரே பரிகாரம் செய்கிறோம். குறியெண்ணும் அத்தகையதே. பழுது எந்த மின்சுற்றில் என்பதை அது காட்டுமேயன்றி, எந்தக் கருவியை மாற்றுவதென்று கூறாது.

முதலில் செய்ய வேண்டியவை

1. குறியெண்கள் அனைத்தையும் அழிக்கு முன் எழுதிக்கொள்க. பழுது நேர்ந்தபோதிருந்த வேகம், சூடு முதலியவற்றையும் ஸ்கேனர் காட்டுமாயின் குறித்துக்கொள்க.

2. பின்னர் அழித்து, இஞ்சினை ஓட்டிப் பார்க்க. வேலையின்போது இணைப்புகளைக் கழற்றியதால் உண்டான குறிகள் திரும்ப வாரா. திரும்ப வருபவையே ஆராயத்தக்கவை.

3. தொடர்பற்ற பல குறிகள் ஒருங்கே தோன்றினால் பூமி இணைப்பைச் சந்தேகிக்க. இஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதனைச் சட்டத்துடன் இணைக்கும் செப்புப் பட்டை விடுபட்டாலும், துருவின்மேலோ வர்ணத்தின்மேலோ முடுக்கப்பட்டாலும் சென்ஸர்கள் பொய்யளவு காட்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது இஞ்சின் உடலுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காணப்பட்டால் அவ்விணைப்பு பழுதுடையது.

4. பாட்டரி, இஞ்சின் நின்றிருக்கையில் ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், ஓடுகையில் பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்டுதல் வேண்டும்.

அடிக்கடி தோன்றும் குறிகள்

பி 0335, பி 0340 என்பவை முறையே கிராங்க்தண்டு, காம்தண்டு சென்ஸர்களின் சுற்றைச் சுட்டும். செருகிகளைச் சோதித்த பின், பல்சக்கரங்களை ஒப்பிட்டுப் பார்க்க. புதிய இஞ்சின் வேறு வருஷத்தியதாயின் பற்களின் எண்ணிக்கை மாறியிருக்கக்கூடும்.

பி 0016 அவ்விரண்டும் தம்முள் ஒவ்வாமையைக் காட்டும். இதனை அழித்துவிட்டு வண்டியை ஓட்டுதல் தகாது. டைமிங் சங்கிலியோ பெல்ட்டோ பல் தவறியிருப்பின், பல இஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளை மோதி, வாங்கிய இஞ்சினே பாழாகும்.

பி 0101 காற்றளவு மானியைப் பற்றியது. காற்று வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயின் பிணைப்பு தளர்ந்துள்ளதா என்று முதலில் நோக்குக. டீஸல் வண்டியில் பி 0087 தோன்றினால், விலையுயர்ந்த பம்பைக் குறை கூறுமுன் எண்ணெய் வடிகட்டியையும் குழாயில் காற்றுப் புகுந்துள்ளதையும் கவனிக்க.

தற்காலத்து டீஸல் இஞ்சின்கள் பலவற்றில், ஒவ்வோர் இன்ஜெக்டரின்மேலும் ஒரு திருத்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். இஞ்சினோடு இன்ஜெக்டர்களும் மாறினால், அவ்வெண்களை வண்டியின் கம்ப்யூட்டரில் முறைப்படி பதிய வேண்டும். இல்லையேல் இஞ்சின் அதிர்ந்து ஓடும்.

எச்சரிக்கை

பெட்ரோல் வண்டியில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், எரிபொருள் எரியாமல் வெளியேறிப் புகைக்குழாயிலுள்ள சுத்திகரிப்புக் கருவியைக் கெடுக்கின்றது என்று பொருள். உடனே வேகத்தைக் குறைத்து, தக்க இடத்தில் நிறுத்துக. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தாலோ இஞ்சினை அக்கணமே நிறுத்துதல் வேண்டும்.

பதிவு

இஞ்சின் எண் பதிவுச் சான்றுடன் மாறுபடுமாதலால், 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை அனுசரித்துப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துச் சான்றைத் திருத்திக்கொள்ளல் அவசியம். இஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துமாறு கிராம அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துரைப்பது நன்று. எழுதி வைத்தல், பூமி இணைப்பைச் சோதித்தல், அதன் பின்னரே கருவியை மாற்றுதல் என்னும் இவ்வரிசையைக் கைக்கொள்வோர் வீண் செலவினின்றும் தப்புவர்.