தண்ணீரூற்று: நீரால் பெயர் பெற்ற ஊர்



மக்கா நகர் உண்டான வரலாறு நீங்கள் அறிந்ததே. பச்சிளம் பாலகனோடு பாலைவனத்தில் தனித்திருந்த அன்னை ஹாஜர் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் ஸம்ஸம் ஊற்றை அருளினான். பறவை வட்டமிடுவதைக் கண்டு வந்த ஜுர்ஹும் கூட்டத்தார், அங்கே குடியேற அன்னையிடமே அனுமதி கேட்டனர். அனுமதித்த அன்னை, தண்ணீரின் உரிமையை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். ஊற்றைச் சுற்றி ஊர் எழுந்தது.

நம் வன்னியிலும் ஊற்றின் பெயரையே தாங்கிய சிற்றூர் ஒன்று உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளையை ஒட்டியிருக்கும் தண்ணீரூற்று. கோடையில் காய்ந்து வெடிக்கும் வன்னி மண்ணில் இப்படி ஒரு பெயர் அமைவது சாதாரணமல்ல. அயலூர் நீராவிப்பிட்டியின் பெயரிலும் நீர்தான். நீராவி என்றதும் கொதிக்கும் கேத்தல் நினைவுக்கு வரலாம். பழைய வழக்கில் அது குளத்தைக் குறிக்கும் சொல். பிட்டி என்பது மேட்டு நிலம். பக்கத்தில் ஹிஜ்ராபுரமும் உண்டு.

இவ்வூர்களில் முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே வாழ்ந்தனர். ஒருபுறம் ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயில், மறுபுறம் பள்ளிவாசல். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சனம் திரண்டு போகும் பிரதேசம் இது. வயல், மாடு, சிறு கடை என்பவையே பிழைப்பு. முல்லைத்தீவு 1978-ல் தனி மாவட்டமானது. 1981 குடிசன மதிப்பீட்டில் அதன் சனத்தொகையில் ஏறத்தாழ 5 சதவீதத்தினர் முஸ்லிம்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். சுமார் 75,000 பேர் ஊரிழந்தனர். தண்ணீரூற்று மக்களும் அவர்களில் அடங்குவர். நகையும் உறுதியும் பறிபோனவர்கள், கைக்குழந்தையோடு நடந்தவர்கள் எத்தனையோ பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கினர். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் புலிகள் தரப்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. என்றாலும் 2009-ல் போர் முடிந்த பின்னரே பெருமளவில் மீள்குடியேற வழி பிறந்தது. 2012 கணக்கெடுப்பின்போது மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 2 சதவீதமே.

ஏன் எல்லோரும் திரும்பவில்லை என்று கேட்பவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. வெளியேறும்போது ஒரு குடும்பத்துக்கு ஒரு வளவு இருந்தது. புத்தளத்தில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, மணமுடித்து அந்த ஒன்று மூன்று நான்கு குடும்பங்களாகிவிட்டது. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிவைக்கும் நம் வழக்கத்தில், அதே வளவை எத்தனை மருமக்களுக்குப் பிரிப்பது? புதிதாகக் காணி கேட்டால் காட்டை அழிக்கிறார்கள் என்ற கூச்சல் வேறு. இதனால் வாப்பா வயலைப் பார்க்க ஊருக்குப் போக, உம்மா பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளத்தில் தங்க, இரண்டு அடுப்பு எரியும் குடும்பங்கள் பல.

திரும்பிப் போகாதவர்கள் ஊரை மறந்தவர்கள் என்று யாரேனும் பழித்தால், அதை நான் ஏற்க மாட்டேன். மக்காவைப் பிரிய மனமின்றிப் பிரிந்த நபி (ஸல்) அவர்கள், ஹிஜ்ரி 8-ல் அதை வெற்றி கொண்ட பிறகும் மதீனாவுக்கே மீண்டு, அங்கேயே அடக்கமானார்கள். ஆயினும் மக்காவுடன் உறவு அறுந்துவிடவில்லை. தங்குவது வேறு, தொடர்பறுப்பது வேறு.

அந்தத் தொடர்பு உங்கள் கையில் இருக்கிறது, சகோதரிகளே. உறுதி தொலைந்த காணியில் எல்லை எது என்று கேட்டால், வேலியோரம் நின்ற மரத்தையும் கிணற்றடியையும் மையவாடிக்குப் போகும் ஒழுங்கையையும் ஒன்றுவிடாமல் சொல்பவர்கள் நம் வீட்டு மூத்த பெண்மணிகளே. அவர்களில் பலர் மவுத்தாகிவிட்டார்கள். இருப்பவர்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். புத்தளத்தில் பிறந்த பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பள்ளிக்கூட விடுமுறையில் உம்மம்மாவை ஒருமுறை ஊருக்கு அழைத்துச் செல்லுங்கள். அனுராதபுரம், வவுனியா கடந்து மாங்குளத்தில் கிழக்கே திரும்ப வேண்டும். ஒட்டுசுட்டான் தாண்டி முள்ளியவளை. அதன் பிறகு வழியை அவரே சொல்வார்.